அனுசுயாவுக்கு நான் எடுத்துக் கொடுத்த கண்ணாடி

அனுசுயாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் மேனேஜர் சுப்பையன். எங்கள் பனியன் கம்பெனிக்கு இருபத்தைந்து வருடம் ஆகிறது, ஆண்டு விழா மலர் போடுகிறார்கள், அதில் துணியின் நிறத்துக்குப் பொறுப்பான ஷேடு இன்சார்ஜ் அனுசுயாவின் வாழ்க்கையும் வரவேண்டுமாம். ஆபீசில் நாள் முழுக்க கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, "அக்காவே எழுதட்டும்" என்று அனுசுயா சொல்லிவிட்டாளாம். அக்கா என்றால் நான்தான், பூவாத்தாள்.

ஒரு பக்கம் போதும் என்றார். எனக்கு அது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. மலருக்கு வேண்டியதைத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இது எனக்காக எழுதுவது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவள் மேல் பொறாமை. கொஞ்சநஞ்சப் பொறாமை இல்லை, சாப்பிட்ட சோறு செரிக்காத பொறாமை.

நிறம் பார்ப்பதுதான் பத்தொன்பது வருடமாக என் வேலை. ஆர்டர் தருகிற வெளிநாட்டுப் பையர் தனக்கு வேண்டிய நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணித் துண்டு அனுப்புவார். சாயப்பட்டறையில் இருந்து ரோல் ரோலாகத் துணி வரும். துண்டையும் ரோலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே நிறம் என்றால் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் துணி கட்டிங் டேபிளுக்குப் போகும். நிறம் பார்ப்பதற்கென்றே உள்ளே டியூப் லைட் வைத்த பெட்டி ஒன்று இருக்கிறது. நான் அதை மதித்ததே இல்லை. எனக்கு வடக்கு வாசல்தான். காலை பத்து மணிக்கு மேல் அங்கே வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் விழும். அந்தப் படியில் நின்று துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன் என்றால் சுப்பையனே வாயைத் திறக்க மாட்டார். "பூவாத்தாக்கா வாசல்ல பார்த்தாச்சுங்களா?" என்று மட்டும் கேட்பார்கள். அனுசுயா வரும்வரை.

அவளுக்கு ஊர் சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். சின்ன வயதிலேயே தூரப் பார்வை கிடையாது. அது கண்ணில் இருக்கிற கோளாறு என்று வீட்டிலும் தெரியவில்லை, பள்ளிக்கூடத்திலும் தெரியவில்லை. கரும்பலகையில் எழுதியது தெரியாமல் பத்தாம் வகுப்பில் தோற்றாள். பிள்ளைக்கு மண்டையில் ஏறாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர் தெரியாது, பஸ்ஸின் நிறத்தை வைத்து ஏறுவாளாம். எதிரே வருகிற ஆளின் முகம் தெரியாது, கட்டியிருக்கிற சேலையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுவாளாம். ஒரே கடையில் ஒரே பச்சையில் பெரியம்மாவும் சின்னம்மாவும் சேலை எடுத்தபோதுகூட, வெளுத்திருக்கிற விதத்தைப் பார்த்து யார் வருகிறார்கள் என்று கண்டுபிடித்தாளாம். இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். எனக்கும் சின்ன வயதிலேயே கண் கெட்டிருந்தால் என்ன என்றுதான் தோன்றியது. பாருங்கள், அவள் பட்ட கஷ்டத்தின் மேலும் எனக்குப் பொறாமை.

பத்தொன்பது வயதில் ஜெயபாண்டியைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தாள். அவன் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறான். இவள் எங்கள் கம்பெனியில், தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனியில் கண் பரிசோதனை முகாம் நடந்தபோதுதான் மைனஸ் ஐந்தரை பவர் என்று கண்டுபிடித்துக் கண்ணாடி கொடுத்தார்கள். அதற்கப்புறமும் பிசிறு வெட்டும்போது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, துணியை மூக்குக்கு நேரே பிடித்துத்தான் வெட்டுவாள். நாங்கள் கேலி செய்வோம்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், தைத்து வந்த டி-ஷர்ட்டை அப்படி மூக்கருகே வைத்துக்கொண்டு, "இந்தக் கை வேற துணிக்கா, ஒடம்புத் துணியோட சேரல" என்றாள். நான் வாங்கி வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றுதான் என்று பட்டது. "போய் பிசிறு வெட்டற வேலையப் பாரு கண்ணு" என்று விரட்டினேன். சுப்பையன் வந்து லாட் சீட்டைப் பார்த்தார். கைத்துணி வேறு லாட், வேறொரு தடவை சாயம் போட்டது. அடுத்த வாரமே அவளை என் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அன்று பற்றிக்கொண்டது எனக்கு எரிச்சல்.

அதற்குமேல் அவளிடம் என்னென்னவெல்லாம் என் கண்ணை உறுத்தின என்று எழுதினால் நோட்டுத் தீர்ந்துவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். தினம் காலையில் கேட் வாசலில் அவளை இறக்கிவிடும்போது ஜெயபாண்டி அவள் கண்ணாடியைக் கழற்றி வாங்குவான். வாயால் ஊதி, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் மூக்கில் மாட்டிவிடுவான். அந்த அரை நிமிடத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவே நான் சில நாள் சீக்கிரம் உள்ளே போயிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு நான் கண்ணாடி போடுவதே தெரியாது.

அவருக்கு மட்டும் இல்லை, அப்போது யாருக்கும் தெரியாது. நாற்பத்து மூன்று வயதிலேயே எனக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கத் தொடங்கிவிட்டது. துண்டைப் பிடித்த கை தள்ளித் தள்ளிப் போனது. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பிளாட்பாரத்தில் ஒரு கண்ணாடி வாங்கி பர்சுக்குள் ஒளித்து வைத்தேன். வாசலில் யாரும் இல்லாதபோது போட்டுப் பார்ப்பேன், ஆள் வந்தால் பர்சுக்குள் போய்விடும். அதன் ஒரு கால் உடைந்து, ஓவர்லாக் நூலால் கட்டியிருந்தேன். நிறம் பார்க்கிறவளுக்குக் கண் போய்விட்டது என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் அப்புறம் எந்த மரியாதையில் அந்தப் படியில் நிற்பது?

இந்த வருடம் ஆனியில் சுப்பையன் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். இனிமேல் இரண்டு கையெழுத்து செல்லாது, ஒருவர்தான் போட வேண்டும், ஷேடு இன்சார்ஜ் என்று ஒரு ஆளை நியமிக்கச் சொல்லிப் பையர் தரப்பில் கேட்டிருக்கிறார்கள் என்றார். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தானுங்க. ஆடி கழியட்டும், சொல்லிப்போடறேன்." நான் அனுசுயாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, "அக்காதானே சார் மூத்தவங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக அவளால் அதைச் சொல்ல முடிந்தது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். பத்தொன்பது வருடம் நின்ற படி என்னுடையது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

அதே வாரத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்கிற வடநாட்டுப் பையன் ஒருவன் கண்ணில், சாயத்தில் போடுகிற காஸ்டிக் சோடா தெறித்துவிட்டது. உடனே கழுவியதால் பார்வை தப்பியது. சாயப்பட்டறைக்கு நிறம் பார்க்கப் போகிற நாங்கள் இருவரும் கட்டாயம் கண்ணுக்குப் பாதுகாப்புப் போட வேண்டும் என்று சுப்பையன் சொல்லிவிட்டார். "வண்டில போறப்ப வெயிலு, புழுதி. பட்டறைல காஸ்டிக். எல்லாத்துக்கும் ஆகற மாதிரி, உங்க பவரோட சேர்த்து ஒரே கூலிங் கிளாஸா வாங்கிக்குங்க. கம்பெனி குடுக்குது" என்றார். நான் என் ஸ்கூட்டியிலும் அவள் கம்பெனி ஸ்கூட்டியிலுமாகக் கண்ணாடிக் கடைக்குப் போனோம்.

கடைக்காரப் பையன் பெயர் தரணீதரன். பொறுமைசாலி. முதலில் என்னை இருட்டறையில் உட்கார வைத்துக் கண்ணைச் சோதித்தான். தூரத்துக்குக் கொஞ்சம், கிட்டத்துக்கு நிறைய என்று எழுதினான். "அக்கா, கிட்டப் பார்வை ரொம்ப நாளாவே மங்கியிருக்குமுங்களே?" என்றான். மெதுவாகப் பேசச் சொன்னேன். அடுத்ததாக அனுசுயா உள்ளே போனாள். அவனிடம் வேலை பழகுகிற பெண் அவளுக்குச் சோதித்துக்கொண்டிருக்க, இவன் எனக்குப் பிரேம்களை எடுத்து வைத்தான்.

"முகத்தோட வளைஞ்சு வர்ற பிரேம் பார்க்க நல்லா இருக்குமுங்க. ஆனா பெரிய பவரை அதுல போட்டா ஓரத்துல தலை சுத்தும். உங்க கூட வந்த அக்காவுக்கு அது ஆகாதுங்க. இது பாருங்க, பவர் போடறதுக்கு ஆகும், பக்கத்துல மறைப்பும் இருக்குது. லென்ஸு கல்லு பட்டாலும் சிதறாது. உள்ள இருந்தா வெள்ளையா இருக்கும், வெளிச்சத்துக்கு வந்தா தானா கறுத்துக்கும். தனியா ஒண்ணு மாத்த வேண்டியதில்ல." பிறகு கேட்டான்: "கறுக்கறதுல ரெண்டு நிறம் இருக்குதுங்க, சாம்பலு, பிரவுனு. நீங்க என்ன வேலைங்க?"

துணியில் நிறம் பார்க்கிற வேலை என்றேன்.

"அப்படீன்னா சாம்பலுதானுங்க. அது வெளிச்சத்தைத்தான் குறைக்கும், நிறத்தை மாத்தாது. பிரவுன்ல எல்லாம் பளிச்சுன்னு தெரியும், வண்டி ஓட்டறவங்க விரும்பி வாங்குவாங்க. ஆனா நீலம் அடிபட்டுப் போயிரும். உங்க வேலைக்கு வேண்டாமுங்க."

அவன் சொல்லி முடிக்கவும் வேறு ஆள் வந்து அவனைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. அனுசுயா கண்ணைக் கசக்கிக்கொண்டே வெளியே வந்தாள். கவுண்டரில் சாம்பலும் பிரவுனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலக்கா. எது எடுக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவள் கேட்டது என்னை. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. என் நாக்கில் அது இருந்தது. ஆடி கழியட்டும் என்று சுப்பையன் சொன்னதும் அதே நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது.

"பிரவுனை எடு கண்ணு. உன்ற மூஞ்சிக்கு அதுதான் எடுப்பா இருக்குது" என்றேன்.

"சரிக்கா" என்றாள். அவ்வளவுதான், மறுகேள்வி கேட்கவில்லை. எனக்குச் சாம்பல் என்று எழுதச் சொன்னேன். செய்தது துரோகம் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் அது பொய்.

நாலு நாளில் கண்ணாடி வந்தது. அவள் போய் வாங்கிவந்தாள், மறுநாள் நான் போய் வாங்கிவந்தேன். அவள் தப்புச் செய்யப்போகும் நாளுக்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு நீலத் துணியும் ஒவ்வொரு சாம்பல் துணியும் வரும்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சாயப்பட்டறையில் இருந்து வண்டியில் வந்து இறங்குவாள், கண்ணாடியைக் கழற்றுவாள், கயிற்றில் மார்பில் தொங்கவிடுவாள், துணியை மூக்குக்கு நேரே பிடிப்பாள். பிசிறு வெட்டின நாளில் இருந்து அப்படித்தான். மைனஸ் பவர்காரிக்குக் கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடியே தேவையில்லை. பிரவுன் ஆனால் என்ன, பச்சை ஆனால் என்ன? நாலு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்த எனக்கு, கடையில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அதைவிடக் கொடுமை, அந்தக் கண்ணாடி அவளுக்கு நன்றாக இருந்தது. வண்டியில் வந்து இறங்கினால் டெய்லர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "போலீஸ் ஆபீசராட்டம் இருக்கறீங்க" என்றார் கட்டிங் மாஸ்டர். என்னைப் பார்த்து, "பூவாத்தாக்கா, கண்ணு ஆபரேசன் ஏதும் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். சாம்பல் எனக்கு அப்படி இருந்ததாம். ஜெயபாண்டி பிரவுன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தான். எனக்கு வயிறு எரிந்தது. பத்து நாள்தான் தாங்கினேன். கடைக்குப் போய் எனக்கும் லென்ஸைப் பிரவுனாக மாற்றச் சொன்னேன்.

"வேண்டாம்னு சொன்னனுங்களே அக்கா" என்றான் தரணீதரன்.

"வண்டி ஓட்டறதுக்கு மட்டும்தான். நிறம் பார்க்கறப்ப கழட்டிருவனுங்க" என்றேன். பர்சில் நூல் கட்டின கண்ணாடி இருக்கிறதே, அந்தத் தைரியம்.

ஆடி பதினெட்டு கழிந்து நாலாம் நாள், பையர் ஆபீசில் இருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பதினாலு ரோல் வெளிர் சாம்பல் துணி வந்து இறங்கியது. அனுசுயா சாயப்பட்டறையில் இருந்தாள். கட்டிங் டேபிள் காலியாகக் காத்திருந்தது. "அக்கா வாசல்ல பார்த்துச் சொல்லட்டும்" என்று சுப்பையன் அவர்களிடம் பெருமையாகச் சொன்னார். அந்த வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை நாள் ஏங்கியது. துண்டை எடுத்துக்கொண்டு வடக்கு வாசல் படியில் நின்றேன். மூன்று பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். வெளிச்சத்தில் என் கண்ணாடி கறுத்துக்கொண்டது. இப்போது அதைக் கழற்றிவிட்டு, நூல் கட்டின பிளாட்பாரக் கண்ணாடியை இவர்கள் முன்னால் எடுப்பதா? மானம் போகும். கழற்றவில்லை. பார்த்தேன். துண்டும் ரோலும் ஒன்றாகவே இருந்தன. சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

முதல் ரோலை டேபிளில் விரித்துக்கொண்டிருந்தபோது அனுசுயா வந்தாள். வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றினாள், துணி ஓரத்தை மூக்கருகே தூக்கினாள்.

"சார், வெட்ட வேணாம். இதுல நீலம் ஏறியிருக்கு."

கட்டிங் மாஸ்டர் கையை நிறுத்தினார். சுப்பையன் என்னைப் பார்த்தார். நான் வாசலில் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மறுபடி எல்லாரும் வாசலுக்குப் போனோம். மறுபடியும் எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

"அக்கா, கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்கக்கா" என்றாள் அனுசுயா.

கழற்றினேன். துண்டும் தெரியவில்லை, துணியும் தெரியவில்லை. வெறும் புகை. கையைத் தள்ளினேன், இன்னும் தள்ளினேன், அதற்கு மேல் கை இல்லை. சுப்பையனும் வந்தவர்களும் நான் கையை நீட்டிக்கொண்டு நிற்பதையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் பர்சைத் திறந்து நூல் கட்டின கண்ணாடியை எடுத்துப் போட்டேன். ரோல் நீலமாக இருந்தது. குழந்தைகூடச் சொல்லிவிடும், அவ்வளவு நீலம்.

"நீலம்தானுங்க. நான் போட்ட கையெழுத்துத் தப்பு" என்றேன். அதற்குள் கட்டிங் மாஸ்டர் என் கண்ணாடியின் காலைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

துணி வெட்டுப்படாததால் அப்படியே சாயப்பட்டறைக்குத் திரும்பிப் போனது. ஆடி கழிவதற்குக்கூடச் சுப்பையன் காத்திருக்கவில்லை, மறுநாளே அனுசுயாதான் இன்சார்ஜ் என்று சொல்லிவிட்டார். என்னை யாரும் திட்டவில்லை. லைட் பெட்டி முன்னால் ஒரு நாற்காலி போட்டார்கள், கறுக்காத வெள்ளைக் கண்ணாடி ஒன்று செய்து தந்தார்கள். இப்போது அங்கே உட்கார்ந்து பார்க்கிறேன். வடக்கு வாசல் படியில் அவள் நிற்கிறாள்.

அந்த வாரம் சாயங்காலம் வண்டி எடுக்கப் போனபோது அனுசுயா பக்கத்தில் வந்தாள். "அக்கா, நீங்களும் எதுக்குக்கா பிரவுனுக்கு மாத்துனீங்க? கடைக்காரத் தம்பி உங்ககிட்ட வேணாம்னு சொன்னாராமே?"

வண்டிச் சாவியில் இருந்து கையை எடுத்துவிட்டேன். "உனக்கு யாரு சொன்னது?"

"அவருதான். கண்ணாடி வாங்கப் போன அன்னிக்கே சொன்னாரு. நெறம் பாக்கறவுகளுக்குப் பிரவுன் ஆகாதுன்னு உங்க அக்காகிட்டச் சொன்னேனே, சொல்லலையான்னு கேட்டாரு. வேணும்னா மாத்தித் தாரேன்னும் சொன்னாரு."

"அப்புறம் ஏன் மாத்தல?"

"நான் கழட்டிட்டுத்தானே பாப்பேன், எனக்கு எதாயிருந்தா என்ன? நீங்க ஆசையா எடுத்துக் குடுத்ததாச்சே. மாத்துனா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றாள். கேட்டில் காத்திருந்த ஜெயபாண்டியின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

தெரிந்துகொண்டு சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. தெரிந்து சொல்லியிருந்தால் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கேட்கலாம். தினமும் பக்கத்தில்தான் இருக்கிறாள். வாய் வரவில்லை.

நேற்று மலருக்குப் போட்டோ எடுத்தார்கள். வடக்கு வாசல் படியில் நிற்கச் சொன்னார் போட்டோக்காரர். அனுசுயா பிரவுன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றாள். முகம் மறைகிறது, கழற்றிவிடுங்கள் என்று அவர் சொன்னதற்கு, "இல்லண்ணே, இருக்கட்டும். அக்கா எடுத்துக் குடுத்தது" என்று என்னைக் கை காட்டினாள். அவர் ஒரு படம் எடுத்து, கேமராவில் காட்டினார். நான் வெள்ளைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகக் குனிந்து பார்த்தேன். கடையில் நான் சொன்னது பொய் இல்லை. அவள் முகத்துக்கு அது எடுப்பாகத்தான் இருந்தது.